அலுமினியக் கப்புக்குள் காந்தம் முழுதாக ஏறவில்லை: சுழல் மின்னோட்டம்தான் காரணமா?

#1 செம்புக்கம்பி

வணக்கம். ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

நியோடிமியம் வட்டுக் காந்தம். விட்டம் 40 மி.மீ., தடிமன் 12 மி.மீ., அச்சுத் திசையில் காந்தமேற்ற வேண்டும். காந்தமேற்றாத வட்டை அலுமினியக் கப்பின் அடியில் ஒட்டி, அப்புறம் கப்போடு சேர்த்துச் சுருளுக்குள் வைத்து பல்ஸ் (கணநேர மின்னோட்ட வீச்சு) கொடுக்கிறோம். கப் 25 மி.மீ. உயரம், சுவர் 6 மி.மீ., அடி 8 மி.மீ. வெப்பத்தைக் கடத்த வேண்டும் என்பதால் ஏறக்குறைய சுத்த அலுமினியத்தில் கடைந்தது.

மெஷின் கெப்பாசிட்டர் வகை: 2000 மைக்ரோஃபாரட், அதிகபட்சம் 2000 வோல்ட். சுருள் 30 சுற்று, துளை 70 மி.மீ., நீளம் 80 மி.மீ., இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு) சுமார் 50 மைக்ரோஹென்றி. வெறும் சுருளின் நடுவில் 3.6 டெஸ்லா வருகிறது.

கப் இல்லாமல் வெறும் காந்தத்தை ஏற்றினால் எல்லாம் சரி. கப்போடு ஏற்றினால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளில் (முழுக் காந்தத்தையும் ஒருசேர அளக்கும் இரட்டைச் சுருள்) மொத்த ஃப்ளக்ஸ், அதாவது காந்தப் பாயம், 12 சதவீதம் குறைகிறது. 2000 வோல்ட் முழுதாகக் கொடுத்தும் இதே கதைதான். அலுமினியம் காந்தப் பொருளே இல்லையே, அது என்ன செய்துவிட முடியும்?

#2 ஓம்_விதி

முதலில் காந்த லாட்டைப் பாருங்கள். ஒட்டும்போது சூடுபடுத்தினீர்களா? இன்னொன்று, பல்ஸ் ரொம்பச் சின்னதாக இருந்தால் காந்தத்துக்குத் 'தங்கும் நேரம்' போதாது. ஒரு விநாடியாவது புலம் நிற்க வேண்டாமா?

#3 செம்புக்கம்பி

ஒரே லாட் சார். வெறும் காந்தம், கப்போடு ஒட்டியது என்று மாற்றி மாற்றி 10 எடுத்துப் பார்த்தேன். பசை அறை வெப்பத்திலேயே இறுகும் வகை, சூடு கிடையாது.

வோல்டேஜை 200 200ஆக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் ஃப்ளக்ஸ் குறித்தேன். வெறும் காந்தம் 1500 வோல்ட்டுக்கு மேல் ஏறுவதே இல்லை, கோடு படுத்துவிட்டது. சுருளில் அப்போது சுமார் 2.7 டெஸ்லா. கப்போடு இருக்கும் காந்தத்தின் கோடு 2000 வோல்ட்டிலும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

எனக்குப் பிடிபடாதது இதுதான்: மெஷினின் கரண்ட் மீட்டர் வெறும் சுருளில் உச்சம் 11,500 ஆம்பியர் காட்டுகிறது. கப்பை வைத்தால் 11,900. கரண்ட் கூடுகிறது, காந்தம் குறைகிறது!

#4 அரைவட்டம்

அந்த 400 ஆம்பியர்தான் துப்பு. நீங்கள் குறித்து வைத்தது நல்லதாயிற்று.

சுருளுக்குள் புலம் விறுவிறுவென ஏறும்போது, கப்பின் சுவர் ஒற்றைச் சுற்றுள்ள, முனை மூடிய இன்னொரு சுருள் போல நடந்துகொள்கிறது. அதில் தூண்டப்படும் மின்னோட்டம், அதாவது சுழல் மின்னோட்டம், லென்ஸ் விதிப்படி ஏற்றத்தை எதிர்க்கும் திசையில் ஓடும். கப்புக்குள் புலம் குறையும். அதே எதிர்ப்பால் சுருளின் மொத்த ஃப்ளக்ஸும் குறைகிறது, அதாவது இண்டக்டன்ஸ் குறைகிறது. இண்டக்டன்ஸ் குறைந்தால் அதே கெப்பாசிட்டரிலிருந்து உச்சக் கரண்ட் கூடத்தானே செய்யும்? டிரான்ஸ்பார்மரின் செகண்டரியை ஷார்ட் செய்தால் பிரைமரி கரண்ட் ஏறுவது போலத்தான் இதுவும். கரண்ட் மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சுருளின் கதையைச் சொல்கிறது, காந்தத்தின் கதையை அல்ல.

அலுமினியம் காந்தப் பொருள் இல்லை என்பது நிலையான புலத்துக்குத்தான் பொருந்தும். மாறும் புலத்துக்கு அது நல்ல கடத்தி, அவ்வளவுதான் பார்க்க வேண்டும். அராகோ 1824இல் சுழலும் செப்புத் தட்டு காந்த ஊசியை இழுத்துப் போவதைக் கண்டபோது எல்லோருக்கும் இதே குழப்பம்தான். ஃபாரடே 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்ட பிறகுதான் காரணம் விளங்கியது. 1855இல் ஃபூக்கோ இந்த மின்னோட்டங்களைத் தனியாக ஆராய்ந்தார், அதனால்தான் பாடநூலில் ஃபூக்கோ மின்னோட்டம் என்றும் போடுகிறார்கள்.

கணக்கு: மெல்லிய சுவருள்ள நீண்ட குழாய் என்றால், புலம் உள்ளே நுழையும் கால மாறிலி = வெற்றிடத்தின் உட்புகுதிறன் × சராசரி ஆரம் × சுவர்த் தடிமன் ÷ (2 × மின்தடை எண்). உங்கள் ஆரம் 23 மி.மீ., சுவர் 6 மி.மீ., அலுமினியம் 0.027 மைக்ரோஓம் மீட்டர். 3.2 மில்லி விநாடி வருகிறது. கப் குட்டையானது, அதனால் ஏறக்குறைய பாதி, 1.7 அல்லது 1.8 என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் சுருள் உச்சத்தைத் தொட எடுக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? 50 மைக்ரோஹென்றியும் 2000 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் கால் சுழற்சி வெறும் 0.5 மில்லி விநாடி. கதவைத் திறக்க 1.7 ஆகும், வந்தவர் 0.5இல் திரும்பிப் போக ஆரம்பித்துவிடுகிறார்.

@ஓம்_விதி, 'தங்கும் நேரம்' பற்றி ஒரு திருத்தம். காந்தத்துக்கு விநாடிக்கணக்கில் எல்லாம் புலம் தேவையில்லை. போதிய புலம் கிடைத்தால் டொமைன்கள் (காந்தத்துக்குள் ஒரே திசை நோக்கும் குட்டிப் பகுதிகள்) மைக்ரோவிநாடிக்குள்ளேயே திரும்பிவிடும். பல்ஸை நீளமாக்குவது காந்தத்துக்காக அல்ல, அதைச் சுற்றியிருக்கும் உலோகத்துக்காக.

#5 கேள்விக்குறி

அக்கா, நான் கல்லூரியில் படிக்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். நியோடிமியம் காந்தமும் உலோகம்தானே? அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடாதா? பழியை ஏன் கப் மேல் மட்டும் போடுகிறோம்?

#6 அரைவட்டம்

ஓடும். ஆனால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

சின்டர் செய்த (தூளை அழுத்திச் சுட்ட) நியோடிமியம் காந்தத்தின் மின்தடை எண் சுமார் 1.5 மைக்ரோஓம் மீட்டர். அலுமினியத்தை விட 55 மடங்கு. திண்ம உருளைக்குக் கால மாறிலி = உட்புகுதிறன் × ஆரத்தின் வர்க்கம் ÷ (மின்தடை எண் × 5.78). 40 மி.மீ. விட்டத்துக்கு 0.06 மில்லி விநாடிதான் வரும். 0.5க்கு முன்னால் அது தூசு. 10 மி.மீ. காந்தம் என்றால் 4 மைக்ரோவிநாடி கூட இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காந்தமேறாத காந்தத்தின் உட்புகுதிறன் ஆரம்பத்தில் வெற்றிடத்தை விட அதிகம். டொமைன்கள் திரும்பும் கட்டத்தில் ஒரு டெஸ்லாவுக்கு மேல் கூடுதல் ஃப்ளக்ஸ் உள்ளே போக வேண்டும். அதனால் நுழைவு இன்னும் மெதுவாகும், அதுவும் வெளியிலிருந்து உள்ளே ஒரு அலைமுகம் நகர்வது போல நடக்கும். ஆனால் 0 முதல் 3 டெஸ்லா வரை சராசரி பார்த்தால் ஒன்றரை மடங்குக்குள்தான் வருகிறது. 0.06 என்பது 0.09 ஆகும், அவ்வளவே.

ஆனால் விட்டத்தை இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. 100 மி.மீ. கட்டி என்றால் 0.36 மில்லி விநாடி, உட்புகுதிறனையும் சேர்த்தால் அரை மில்லி விநாடியைத் தொடும். அப்போது காந்தமே தன் நடுப்பகுதியை மறைத்துக்கொள்ளும். சமாரியம் கோபால்ட்டில் இது இன்னும் மோசம். 1:5 வகையின் (சமாரியம், கோபால்ட் அணு விகிதம்) மின்தடை எண் நியோடிமியத்தில் பாதிக்கும் குறைவு. 2:17 வகைக்கு அதிகப் புலம் வேண்டும், 4 டெஸ்லா கூடக் கேட்கும்.

சுருக்கமாக, சின்னக் காந்தம் சரியாக ஏறாவிட்டால் காந்தத்தைச் சந்தேகிக்காதீர்கள். பக்கத்தில் என்ன உலோகம் இருக்கிறது, அதில் மூடிய வளையம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

#7 பட்டறைத்தாத்தா

தம்பி செம்புக்கம்பி, கணக்கெல்லாம் அரைவட்டம் அம்மா சொல்லிவிட்டார். நான் கை வேலை சொல்கிறேன்.

ஒரு கப்பைப் பலி கொடு. ஹேக்சா எடுத்து சுவரை மேலிருந்து கீழ் வரை ஒரே ஒரு கோடு அறு. காந்தத்தை ஒட்டி ஏற்று. ஃப்ளக்ஸ் கூடினால் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கினான். அப்புறம் அதே கோட்டை அடித்தட்டின் மையம் வரை நீட்டி இன்னொரு கப்பில் பார். அடித்தட்டையும் மறந்துவிடாதே, அதுவும் ஒரு முழு வட்டு. உன் காந்தம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

அறுத்த இடத்தில் சில் ஒட்டியிருந்தால் மறுபடி வளையம் மூடிக்கொள்ளும், அரத்தால் தேய்த்து ஒரு கண்ணாடி எபாக்சித் துண்டைச் செருகு. முக்கியமாக, அறுத்த கப்பையும் அறுக்காத கப்பையும் சுருளுக்குள் இறுக்கிப் பிடித்து வை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு அலுமினிய ஜிக்கை (வேலைப்பொருளைப் பிடிக்கும் தாங்கி) சும்மா நிறுத்தி பல்ஸ் கொடுத்தார்கள். 'டொப்' என்று ஒரு சத்தம். ஜிக் மேலே பறந்து மூடியில் அடித்து, மூடியின் நடுவில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். ஜிக் சுருளின் மையத்தில் இல்லை, ஒரு விரல் மேலே இருந்தது, அவ்வளவுதான். மையத்தை விட்டு எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறதோ அந்தப் பக்கமே உதைக்கும். அன்றைக்கு மூடி மட்டும் இல்லையென்றால் என் நெற்றி.

இன்னொரு காரியம். மீட்டரை நம்பாதே, காந்தம் இருக்கும் இடத்தில் புலத்தை அள. மெல்லிய எனாமல் கம்பியை ஒரு பிளாஸ்டிக் பித்தானில் பத்துச் சுற்று சுற்று, காந்தம் இல்லாத வெறும் கப்புக்குள் வை, கம்பி இரண்டையும் முறுக்கி வெளியே எடுத்து ஆசிலோஸ்கோப்பில் போடு. வருவது புலத்தின் மாற்ற வீதம்தான், அதைத் தொகையிட்டால் புலம். இப்போது வரும் ஸ்கோப்பெல்லாம் தொகையீட்டைத் தானே செய்துவிடும். எங்கள் காலத்தில் ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்துத்தான் செய்தோம்.

#8 ஓம்_விதி

தங்கும் நேரம் விஷயத்தில் என் புரிதல் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் தீர்வு எளிதுதானே? கெப்பாசிட்டரை நான்கு மடங்காக்கி வோல்டேஜைப் பாதியாக்குங்கள். 2000 வோல்ட் 2000 மைக்ரோஃபாரட், 1000 வோல்ட் 8000 மைக்ரோஃபாரட், இரண்டிலும் 4000 ஜூல்தான். கோட்பாட்டு உச்சக் கரண்ட்டும் ஒன்றே, 12,600 ஆம்பியர். பல்ஸ் மட்டும் இரட்டிப்பு நீளம். நேரம் இரண்டு மடங்கு என்பதால் சுருளின் சூடும் இரண்டு மடங்காகும், அதை மட்டும் கவனித்தால் போதும்.

#9 அரைவட்டம்

நானும் முதலில் இப்படித்தான் நினைத்தேன். எழுதிப் பார்த்தபோது ஏமாற்றம்தான். பொறுமையாகப் படியுங்கள், இதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் சூடு. கெப்பாசிட்டரில் 4000 ஜூல் இருந்தால் சுருளில் 4000 ஜூலுக்கு மேல் சூடாக முடியாது, பல்ஸ் எவ்வளவு நீண்டாலும். ஒரு கிலோ செம்பு இருந்தால் ஒரு பல்ஸுக்குச் சுமார் 10 டிகிரி. இரட்டிப்பெல்லாம் ஆகாது.

அடுத்தது பல்ஸின் வடிவம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் தலைகீழ் வோல்டேஜைத் தாங்காது, அதனால் இம்மாதிரி மெஷினில் குறுக்கே ஒரு ஃப்ரீவீல் டயோடு இருக்கும். செம்புக்கம்பி, உங்களுடையதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். டயோடு இருந்தால், உச்சத்துக்குப் பிறகு கரண்ட் சுழியமாகி நிற்காமல் டயோடு வழியாகச் சுற்றி மெதுவாகத் தேயும். தேயும் வேகம் சுருளின் இண்டக்டன்ஸை மின்தடையால் வகுத்தது. மின்தடை 20 மில்லிஓம் என்று எடுத்தால் 2.5 மில்லி விநாடி.

இந்த வால்தான் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது! கப்பின் கால மாறிலி 1.75 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். டயோடு இல்லாமல் வெறும் அரைச் சைன் பல்ஸ் என்றால் கப்புக்குள் வெளிப்புல உச்சத்தில் 28 சதவீதம்தான் எட்டும். டயோடு வால் இருந்தால் 49 சதவீதம். அதாவது வெளியே 3.6, உள்ளே சுமார் 1.75 டெஸ்லா. உங்கள் காந்தத்துக்கு 2.7 வேண்டும். அதனால்தான் கோடு படுக்கவே இல்லை.

இப்போது 8000 மைக்ரோஃபாரட். ஏற்றம் 1 மில்லி விநாடி ஆகிறது, விகிதம் 49இலிருந்து 54 சதவீதமாகக் கூடுகிறது. ஆனால் ஏற்றம் நீள நீள மின்தடை அதிகம் தின்னும். 2000 மைக்ரோஃபாரடில் உச்சம் 11,500, நீங்கள் அளந்ததோடு அச்சாகப் பொருந்துகிறது. 8000இல் அது 10,500 ஆகிவிடும். 54 சதவீதத்தை இந்தக் குறைவோடு பெருக்கினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறோம். ஒரே ஆற்றலுக்கு லாபம் பூச்சியம்.

வால்தான் முக்கால் வேலையைச் செய்கிறது, வாலின் நீளம் கெப்பாசிட்டரில் இல்லை, சுருளில் இருக்கிறது. சுற்றுகளைக் கூட்டினாலும் பயனில்லை. அதே இடத்துக்குள் மெல்லிய கம்பியில் இரட்டிப்புச் சுற்று சுற்றினால் இண்டக்டன்ஸ் நான்கு மடங்கு, மின்தடையும் நான்கு மடங்கு, விகிதம் அப்படியே. செம்பின் கன அளவு கூட வேண்டும், அல்லது சுருளைக் குளிர வைக்க வேண்டும்.

8000 மைக்ரோஃபாரடை 1400 வோல்ட்டில் ஓட்டினால் உள்ளே 2.5 டெஸ்லா வரும். ஆனால் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பு, வெளியே 4.6 டெஸ்லா. 3.6இல் சுருளின் உட்சுவரில் சுமார் 50 வளிமண்டல அழுத்தம் என்றால், 4.6இல் 80ஐத் தாண்டும். உங்கள் சுருளின் எபாக்சி தாங்குமா என்று எனக்கு நம்பிக்கையில்லை. அப்படிச் செய்தும் 2.7 வரவில்லை.

மெஷினை விடுங்கள். கப்பை மாற்றுங்கள்.

#10 செம்புக்கம்பி

டயோடு இருக்கிறது மேடம், தைரிஸ்டர் பக்கத்தில் பெரிய வட்டு மாதிரி இரண்டு.

நேற்று தாத்தா சொன்னபடி பித்தான் சுருள் செய்தேன். சட்டைப் பித்தான் துளையில் கம்பி அறுந்துகொண்டே இருந்தது. கடைசியில் பேனா மூடியை 5 மி.மீ. வெட்டி அதில் சுற்றினேன். இரண்டு செய்து, ஒன்றைக் கப்புக்குள்ளும் இன்னொன்றைத் தனியாக வெறும் சுருளிலும் வைத்து, இரண்டு கோட்டையும் ஒரே திரையில் மேலே மேலே போட்டேன்.

வெளிக் கோடு செங்குத்தாக ஏறி 0.5 மில்லி விநாடியில் 3.6ஐத் தொட்டு, மெதுவாகச் சரிகிறது. உள் கோடு சோம்பேறி. வெளியே உச்சமடையும் நேரத்தில் அது 0.6இல்தான் இருக்கிறது. வெளிக் கோடு இறங்க இறங்க இது ஏறிக்கொண்டே போய், 2.2 மில்லி விநாடியில் இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. சரியாக அந்த வெட்டுப் புள்ளியில்தான் உள் கோட்டின் உச்சம், 1.8 டெஸ்லா. அதற்குப் பிறகு உள் கோடு வெளிக் கோட்டுக்கு மேலேயே இருந்தபடி இறங்குகிறது. திரையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

அறுத்த கப் முடிவு: சுவரை மட்டும் அறுத்தால் குறைவு 12இலிருந்து 5 சதவீதம். அடித்தட்டையும் மையம் வரை அறுத்தால் 1 சதவீதம். கரண்ட் மீட்டரும் 11,500 பக்கம் திரும்பிவிட்டது.

#11 அரைவட்டம்

அந்த வெட்டுப் புள்ளி தற்செயல் இல்லை. வெளிப்புலம் உள்புலத்தை விட அதிகமாக இருக்கும் வரை கப் எதிர்க்கிறது, உள்ளே ஏறுகிறது. இரண்டும் சமமாகும் கணத்தில் சுவரில் மின்னோட்டம் சுழியம். அதற்கப்புறம் திசை மாறி, குறைவதை எதிர்க்க ஆரம்பிக்கிறது. அதே கப் கடைசியில் புலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. பாவம், அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எதுவும் மாறக் கூடாது.

#12 நிலைக்காந்தம்

தாமதமாக வருகிறேன். இரண்டு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

12 சதவீதக் குறைவை 'சரி, கொஞ்சம் பலம் குறைவு' என்று யாரும் விட்டுவிடாதீர்கள். முழுதாகத் தெவிட்டாத, அதாவது முழுதாக ஏறாத, நியோடிமியத்தின் காந்த நீக்குத்திறனும் (காந்தம் இறங்காமல் எதிர்த்து நிற்கும் திறன்) முழுதாக வராது. சூட்டில் வைத்தால் முழுதாக ஏறியதை விட அதிகமாக இழக்கும். மேசையில் 12 குறைவு, வேலையில் சூடான பிறகு அதைவிட மோசம். ஒட்டி முடித்த பழைய கப்புகள் இருந்தால் இரண்டை எடுத்து, வேலை செய்யும் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

காஸ்மீட்டரை (ஹால் புரோப் முனையால் ஒரு புள்ளியில் புலத்தை அளப்பது) மட்டும் வைத்துச் சோதிப்பவர்களும் கவனிக்கவும். காந்தத்தின் திறந்த முகத்தில் ஹால் புரோபை வைத்தால் அந்த மேல் பகுதிதான் பேசும். கப்பின் அடிப்பக்கம் உள்ள பகுதி ஏறாமல் இருந்தாலும் மேல் முகம் ஓரளவு நல்ல எண்ணையே காட்டும். செம்புக்கம்பி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளில் மொத்தத்தை அளந்ததால்தான் இது வெளியே வந்தது.

பல துருவ ரோட்டர் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை பல மடங்கு. அதைக் காந்தமேற்றும் ஃபிக்சரில் (சுருளும் எஃகும் சேர்ந்த அமைப்பு) துருவத்துக்கு ஒன்றிரண்டு சுற்றுதான் இருக்கும், இண்டக்டன்ஸ் 5 மைக்ரோஹென்றி அளவில் நிற்கும். 1000 மைக்ரோஃபாரட் போட்டால் 0.11 மில்லி விநாடியில் உச்சம். அந்த வேகத்தில் அலுமினியத்தில் தோல் ஆழம் (மாறும் புலம் உலோகத்துக்குள் ஊடுருவும் ஆழம்) 2 மி.மீ.க்கும் கீழே. காந்த வளையத்துக்கு உள்ளே திண்மமான எஃகுத் தண்டு இருந்தால் இன்னும் வேடிக்கை. எஃகு ஃப்ளக்ஸை இழுத்துக் கொடுக்கும் என்று வடிவமைப்பாளர் நம்பியிருப்பார். தெவிட்டும் வரை எஃகின் உட்புகுதிறன் அதிகம், அதனால் தோல் ஆழம் மில்லிமீட்டரில் ஒரு பகுதிதான். ஃப்ளக்ஸ் தண்டின் தோலிலேயே நின்றுவிடும், காந்தத்தின் உட்பக்கம் பட்டினி. ஃபிக்சரின் எஃகையும், முடிந்தால் ரோட்டரின் உட்பகுதியையும் 0.35 அல்லது 0.5 மி.மீ. தகடுகளாக அடுக்குவது இதனால்தான்.

#13 கேள்விக்குறி

ஃபெரைட்டில் இந்தப் பிரச்சினையே வராது என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். சரியா?

#14 நிலைக்காந்தம்

பாதி சரி. ஃபெரைட் என்பது மண்பாண்டம் மாதிரி, மின்தடை எண் நியோடிமியத்தைப் போலக் கோடி மடங்குக்கும் மேல். அதற்குள் சுழல் மின்னோட்டம் ஓட வழியே இல்லை. ஆனால் அதே ஃபெரைட்டை இந்த அலுமினியக் கப்புக்குள் வைத்தால் கப் கப்பாகத்தான் இருக்கும், பாதிப் புலத்தைத் தடுக்கும். ஃபெரைட்டுக்கு 1 டெஸ்லாவுக்குக் கொஞ்சம் மேல் போதும் என்பதால் 1.8இல் அது நிறைந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாமல் போகும்.

அல்னிகோ நேர் எதிர். அரை டெஸ்லாவுக்குள் ஏறிவிடும், ஆனால் எளிதில் இறங்கியும் விடும். அலுமினிய மையத்தின் மேல் அல்னிகோ வளையம் மாட்டியிருந்தால், பல்ஸ் முடிந்த பிறகும் மையத்தில் மின்னோட்டம் கொஞ்ச நேரம் சுற்றும். அந்த மின்னோட்டத்தின் புலம் மையத்துக்குள் நேராகவும், வெளியே வளையம் இருக்கும் இடத்தில் தலைகீழாகவும் இருக்கும். நியோடிமியத்துக்கு அது கொசுக்கடி. அல்னிகோவை அது இறக்கிவிடக்கூடும்.

#15 ஓம்_விதி

கப்பை துருப்பிடிக்காத எஃகில் செய்துவிட்டால்? 304 வகை மின்தடை எண் 0.72. அலுமினியத்தைப் போல 27 மடங்கு. கால மாறிலி 0.065 மில்லி விநாடி ஆகிவிடும். இந்த முறை கணக்குப் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்!

#16 பட்டறைத்தாத்தா

கணக்கு சரி. ஆனால் தம்பி அலுமினியம் போட்டதே சூடு கடத்தத்தானே? மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது சூட்டையும் நன்றாகக் கடத்தும், ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும். நடுவில் எங்காவது நில். வார்ப்பு அலுமினிய அலாய் பார்.

#17 செம்புக்கம்பி

தாத்தா சொன்ன இடத்தில்தான் வந்து நின்றோம். வார்ப்பு அலாய், மின்தடை எண் 0.06. வடிவமைப்பாளரோடு மல்லுக்கட்டி சுவரை 6இலிருந்து 3 மி.மீ. ஆக்கினேன், அடித்தட்டு 4. இரண்டும் சேர்ந்து கால மாறிலி நான்கில் ஒரு பங்குக்கும் கீழே, 0.4 மில்லி விநாடி.

பேனா மூடிச் சுருளை மறுபடி வைத்துப் பார்த்தேன். உள் உச்சம் 2.8 டெஸ்லா, வெட்டுப் புள்ளி 1.1 மில்லி விநாடிக்கு வந்துவிட்டது. காந்தத்தை ஒட்டி ஏற்றினால் வெறும் காந்தத்தோடு அரை சதவீத வித்தியாசம், அது என் ஃப்ளக்ஸ்மீட்டரின் நடுக்கத்துக்குள்தான். முக்கியமாக, வோல்டேஜ் கோடு 1900க்கு மேல் படுத்துவிட்டது. இடைவெளி கொஞ்சம்தான், அதனால் 2000இலேயே ஓட்டப் போகிறேன்.

நிலைக்காந்தம் சார் சொன்ன சூட்டுச் சோதனையையும் செய்தேன். பழைய கப் இரண்டும் தோற்றன, புதியது இரண்டும் நின்றன. பழைய கப்பில் ஒட்டி ஏற்றிய 60 எண்ணிக்கை அலமாரியில் கிடக்கிறது. பசை விடாது. அவற்றை என்ன செய்யலாம்?

#18 பட்டறைத்தாத்தா

காந்தத்தைத் தொடாதே. கப்பின் சுவரை வெளியிலிருந்து கடைசலில் 3 மி.மீ. வரை இறக்கு, அடியில் 4 மி.மீ. சீவு. இரும்புத் தூள் இல்லாத மெஷினாகப் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் காந்தம் முழுக்க மீசை முளைத்துவிடும். அப்புறம் மறுபடி ஒரு பல்ஸ், முதலில் ஏற்றிய அதே திசையில். துருவத்தைக் குறிக்க மறந்திருந்தால் இப்போதே ஒவ்வொன்றிலும் பேனாவால் குறித்துவிடு.

#19 அரைவட்டம்

வெளிச்சுவரை மட்டும் மெலித்தால் கால மாறிலி பாதிதான் ஆகும் தாத்தா, அலாய் மாறவில்லையே. உள்ளே சுமார் 2.3 டெஸ்லா வரும், 2.7 வராது. செம்புக்கம்பி, மெலித்த பிறகு சுவரில் ஒரு வெட்டும் போடுங்கள், வெட்டை எபாக்சியால் அடைத்துவிடலாம். 60 தானே.

#20 செம்புக்கம்பி

ஹேக்சா வாங்கப் போகிறேன். பழையதில் பல்லே இல்லை.